குட்டி ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ் போன்சாய்: டொரண்டோ பக்கம் வருஷம் முழுக்க எப்படி பாத்துக்கணும்

டிசம்பர் ஆரம்பிச்சா போதும், டொரண்டோல எந்த சூப்பர்மார்க்கெட் வாசல்ல பாத்தாலும் கூம்பு வடிவத்துல சின்னச் சின்ன பச்சை மரம் அடுக்கி வச்சிருப்பாங்க, தொட்டியச் சுத்தி சிவப்பு ஜிகினா பேப்பர், உச்சில ஒரு ஸ்டார் வேற. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அதுல நெறைய மரம் நேரா குப்பைக்குத்தான் போகுது. அந்த மரத்தோட பேரு ட்வார்ஃப் ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ். ஒயிட் ஸ்ப்ரூஸ்ங்குற பெரிய காட்டு மரத்தோட குள்ள வகை. ஊசி இலை ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், அடர்த்தி செம, குளிர் தாங்கும், விலையும் கம்மி, அதனால இங்க போன்சாய், அதாவது சின்ன தொட்டில மரத்த குள்ளமா வளக்குற கலை, ஆரம்பிக்கிறவங்க கைக்கு ஈஸியா கிடைக்குற ஸ்ப்ரூஸ் இதுதான்.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஸ்ப்ரூஸ் ரொம்ப லேட்டா பதில் சொல்ற மரம். ஆல், இச்சி மாதிரி ஃபைக்கஸ் வகைக்கு தண்ணி பத்தலன்னா இலைய தொங்கப்போட்டு ரெண்டு நாள்ல காட்டிடும். ஸ்ப்ரூஸ் அப்படி இல்ல, வேர் செத்து ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆனாலும் மேல பச்சையாவே நிக்கும், குளிர்ல இன்னும் அதிக நாள் கூட நிக்கும், நீங்க நல்லா இருக்குன்னு நெனச்சுட்டு இருப்பீங்க. இன்னைக்கு ஊசி பழுப்பாகுதுன்னா அதுக்கு காரணம் இன்னைக்கு நடந்தது இல்ல, ரெண்டு மூணு மாசம் முன்னாடி நடந்தது. அதனால மரத்தப் பாத்து வேலை செய்யிறத விட காலண்டரப் பாத்து வேலை செய்யிறது முக்கியம், ஒரு வருஷத்துக்கு ஒரு பெரிய வேலைதான் பண்ணனும். கீழ எழுதி இருக்குறது எல்லாமே இந்த ரெண்டு விஷயத்த வச்சுத்தான்.

மரத்தப் பத்தி கொஞ்சம்

கையில இருக்குறது ஸ்ப்ரூஸ்தானான்னு முதல்ல பாத்துக்கோங்க. ஒரு ஊசிய பிச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க. உருண்டுச்சுன்னா ஸ்ப்ரூஸ், ஏன்னா ஊசி நாலு பக்கம் உள்ளதா இருக்கும். தட்டையா இருந்து உருளலைன்னா அது ஃபிர். ரெண்டு, மூணு, அஞ்சுன்னு கொத்தா வந்தா பைன். ஸ்ப்ரூஸ்ல ஊசி விழுந்த எடத்துல கிளை மேல சின்னச் சின்ன முட்டு இருக்கும், தடவிப் பாத்தா சொரசொரன்னு இருக்கும், அது நல்ல அடையாளம்.

இந்த குள்ள வகைய கண்டுபிடிச்ச கதை நல்லா இருக்கும். 1904ல அமெரிக்கால பாஸ்டன்ல இருக்குற ஆர்னால்ட் ஆர்போரீட்டம்ங்குற மரத் தோட்டத்துல வேலை பாத்த ஆல்ஃபிரெட் ரேடர், ஜே. ஜி. ஜாக்னு ரெண்டு பேரு, கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல லேக் லூயிஸ் பக்கம், அப்போ லாகன்னு சொல்லுவாங்க, அங்க ட்ரெயினுக்கு காத்திருந்த நேரத்துல சும்மா சுத்திப் பாக்கும்போது இந்த மரம் கண்ல பட்டிருக்கு. இன்னைக்கு கடையில இருக்குற கூம்பு மரம் எல்லாமே குச்சி வச்சு பதியம் போட்டு வந்த வம்சம்தான். அதனாலதான் சில சமயம் மரத்துல ஒரு கிளை மட்டும் திடீர்னு நீளமான ஊசியோட சரசரன்னு மேல கெளம்பும். அது பழைய ஒயிட் ஸ்ப்ரூஸ் குணம் திரும்பி வர்றது. பாத்த உடனே அடியோட வெட்டிடுங்க, விட்டா ரெண்டு மூணு வருஷத்துல மொத்த சத்தையும் அதுவே இழுத்துக்கும்.

வேற ஸ்ப்ரூஸ் வேணும்னா நார்வே ஸ்ப்ரூஸ்ல நிடிஃபார்மிஸ்னு படர்ந்து வளர்ற வகை நர்சரில கிடைக்கும், அதுவும் நல்லது, தண்டு கொஞ்சம் வளைஞ்சு கிடைக்க வாய்ப்பு இருக்கு. கொலராடோ ப்ளூ ஸ்ப்ரூஸ் பாக்க அழகு ஆனா ஊசி நீளம், சின்ன தொட்டில எடுபடாது. ஜப்பான்ல போன்சாய்க்கு பேர் போன ஸ்ப்ரூஸ் எசோ மட்சு, டோக்கியோ பக்கம் ஒமியா போன்சாய் கிராமத்துல இருந்த காத்தோ குடும்பம் அத வச்சு பண்ணின, பல மரம் சேத்து காடு மாதிரி நட்ட வடிவங்கள் ரொம்ப ஃபேமஸ். அதெல்லாம் அந்தக் காலத்துல ஜப்பானுக்கு வடக்க இருக்குற குனாஷிர் தீவுல இருந்து தோண்டிட்டு வந்த பழைய மரங்கள். 1945ல அந்தத் தீவு சோவியத் கைக்குப் போனதுக்கு அப்புறம் அந்த வரத்து நின்னு போச்சு.

அப்புறம் ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்கு, சென்னை மதுரை வெயில்ல ஸ்ப்ரூஸ் வேணாம். இது வருஷா வருஷம் குளிர்ல தூங்கியே ஆகணும், தூங்கலன்னா அடுத்த வசந்தத்துல மொட்டு ஒழுங்கா விரியாது, ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடும். இந்தியாவுல ஸ்ப்ரூஸ் இருக்கு, ஆனா அது காஷ்மீர், ஹிமாச்சல், உத்தராகண்ட் மாதிரி இமயமலைப் பக்கம், 2000 மீட்டருக்கு மேல. ஊர்ல இருந்தா புளி, ஆல், இச்சி வச்சு பண்ணுங்க, அந்த மரங்கள்ல கிடைக்குற தூர் அழக இங்க குளிர்ல நாங்க கனவுலதான் பாக்கணும்.

வாங்குறப்போவும் வாங்கின உடனேயும்

கடையில அஞ்சாறு மரம் இருந்தா அவசரப்பட்டு நல்லா புசுபுசுன்னு இருக்குறத எடுக்காதீங்க. தொட்டியத் தூக்கிப் பாருங்க, இறகு மாதிரி லேசா இருந்தா மண்ணு காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம், அத விட்டுடுங்க. அப்புறம் கீழ் கிளைய ஒதுக்கிட்டு தண்டப் பாருங்க. மண்ண விரலால கொஞ்சம் நோண்டினா தூர் எங்க அகலமாகுதுன்னு தெரியும். அடி தடிச்சு மேல போகப்போக மெலிஞ்சா நல்ல மரம். பச்சை பெயின்டோ மினுமினுப்பு தூளோ அடிச்சிருந்தா வேணவே வேணாம்.

டிசம்பர்ல வாங்குனதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்த மரம் கடைக்குள்ள சூட்டுல எத்தன நாள் இருந்துச்சோ தெரியாது. சூட்டுல இருந்தத நேரா மைனஸ் 15 டிகிரில பேக்யார்ட்ல வச்சா அடிவாங்கும். வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல வச்சா அதுவும் சாவும், காத்து அவ்ளோ வறட்சி. ஹீட்டிங் இல்லாத கராஜ்தான் சரி. வீட்டுக்குள்ள அலங்காரத்துக்கு வைக்கணும்னா ஒரு வாரத்துக்கு மேல வேணாம், ஜன்னல் பக்கம், ஹீட்டர்ல இருந்து தள்ளி. ஜிகினா பேப்பர முதல் நாளே கிழிச்சு எறிஞ்சிடுங்க, அதுல தண்ணி தேங்கித்தான் பல மரத்துக்கு வேர் அழுகுது. வாய்ப்பு இருந்தா ஏப்ரல் மே மாசம் நர்சரில வாங்குறது எவ்ளோவோ மேல், மரம் வெளியவே வளர்ந்ததா இருக்கும், இந்த தலைவலி எதுவும் இல்ல.

குளிர்காலம், டிசம்பர்ல இருந்து மார்ச்

ஸ்ப்ரூஸ் ஆல்பர்ட்டா மலையில மைனஸ் 40 தாங்குற மரம், அப்புறம் டொரண்டோ குளிருக்கு என்ன பாதுகாப்புன்னு கேப்பாங்க. மேல இருக்குற கிளை தாங்கும், பிரச்சனை வேர். காட்டுல வேர் தரைக்குள்ள இருக்கு, மேல ரெண்டு அடி பனி போர்வையா கெடக்கு, அங்க மண்ணு அவ்ளோ குளிராது. தொட்டில இருக்குற வேருக்கு நாலு பக்கமும் காத்து. அதனால மரத்தோட குளிர் தாங்குற அளவ நம்பாதீங்க, மைனஸ் 10 தாண்டினா தொட்டிக்கு ஏதாவது மறைப்பு வேணும்னு வச்சுக்கோங்க.

எங்க வைக்கிறதுன்னா மூணு வழி இருக்கு. பேக்யார்ட் இருந்தா தரைய கொஞ்சம் தோண்டி தொட்டிய வெளிம்பு வரைக்கும் பொதைச்சு மேல மரத்தூள் மல்ச்சோ காஞ்ச இலையோ போட்டு மூடுறது, வீட்டோட வடக்கு இல்லன்னா கிழக்கு சுவர் ஓரமா. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச வழி, ஸ்னோ விழுந்து தொட்டி மேல மூடிக்கிச்சுன்னா அத தள்ளவே தள்ளாதீங்க, அதுதான் இலவச கம்பளி. ரெண்டாவது ஹீட்டிங் இல்லாத கராஜ். மரம் தூங்குற நேரம், அப்போ வெளிச்சம் பெருசா தேவையில்ல, ஆனா மார்ச் வந்ததும் கராஜ் சீக்கிரம் சூடாகிடும், அத கவனிக்கணும். மூணாவது காண்டோ, அதாவது அடுக்குமாடி வீட்டு பால்கனி. தொட்டிய ஒரு ஸ்டைரோஃபோம் பெட்டிக்குள்ள வச்சு சுத்தி மல்ச் ரொப்பி சுவரோட ஒட்டி, காத்து நேரா அடிக்காத மூலையில வைங்க. பால்கனில குளிர விட காத்துதான் வில்லன்.

வெயிலும் எதிரிதான், குளிர்காலத்துல. பிப்ரவரி கடைசில பளிச்னு வெயில் அடிக்கும், ஊசி சூடாகி தண்ணிய வெளிய விடும், ஆனா வேர் உறைஞ்சு கெடக்குறதால கீழ இருந்து தண்ணி ஏறாது. ஊசி காஞ்சுடும். தெருவோரமா இருக்குற இந்த கூம்பு மரங்கள பாருங்க, தெக்கு பக்கமும் மேக்கு பக்கமும் மட்டும் பழுப்பா, பின்பக்கம் பச்சையா இருக்கும். அது நோய் இல்ல, குளிர்கால வெயில் பண்ணின வேலை. ரோட்டுப் பக்கம்னா உப்பும் சேந்துக்கும், டிரைவ்வே ஓரமா போன்சாய் வைக்கவே வைக்காதீங்க.

தண்ணி? உறைஞ்சு கெடக்கும்போது ஊத்தாதீங்க, பிரயோஜனம் இல்ல. கராஜ்ல வச்சிருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மண்ணத் தொட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச நெறைய பேரு பண்றது என்னன்னா வெளிய இருந்து ரெண்டு கை ஸ்னோ அள்ளி தொட்டி மேல போட்டுடுவாங்க, எப்போ கராஜ் சூடாகுதோ அப்போ அதுவே உருகி மெதுவா இறங்கும். உப்பு போடாத எடத்து ஸ்னோவா பாத்து எடுங்க. கராஜ்ல மரம் செத்துப் போறதுக்கு குளிர விட வறட்சிதான் அதிக காரணம். எலியும் ஒரு காரணம், மல்ச்சுக்குள்ள வந்து தூர்ல பட்டைய சுத்தி கொறிச்சுடும், அடித்தண்டச் சுத்தி சின்ன கம்பி வலை ஒண்ணு போட்டு வைங்க.

மார்ச் கடைசில ராத்திரி மைனஸ் 5க்கு கீழ போகாதுன்னு ஆனதும் வெளிய எடுத்துடலாம், முதல்ல ஒரு வாரம் நெழல்ல. கராஜ் சூட்டுல மொட்டு சீக்கிரம் விரிஞ்சுட்டா மாட்டிக்குவீங்க, ஏன்னா விரிஞ்ச துளிர் உறைபனி தாங்காது. அதனால சீக்கிரம் வெளிய எடுத்து குளிர்லயே மெதுவா முழிக்க வைக்கிறதுதான் சரி. துளிர் வந்ததுக்கு அப்புறம் மே லாங் வீக்கெண்ட் (மே மூணாவது நாலாவது வாரம் வர்ற விக்டோரியா டே லீவு) வரைக்கும் வெதர் பாத்துட்டே இருங்க, உறைபனி வர்ற ராத்திரி மட்டும் உள்ள தூக்கி வச்சுட்டு காலைல வெளிய.

ஏப்ரல்: தொட்டி மாத்துறது

தொட்டி மாத்துறதுக்கு நேரம் மொட்டு உப்பி ஆனா இன்னும் விரியாம இருக்குறப்போ. டொரண்டோ பக்கம் தோராயமா ஏப்ரல் நடுவுல. எல்லா வருஷமும் பண்ற வேலை இல்ல இது. சின்ன மரத்துக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ, வயசான மரத்துக்கு அஞ்சு வருஷம் கூட விடலாம். தண்ணி ஊத்தினா மேல தேங்கி நிக்குது, உள்ள இறங்க நேரம் எடுக்குதுன்னா அப்போதான் தேவை.

மண்ணு முதல்ல. அகடாமாதான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அது ஜப்பான்ல இருந்து வர்ற சுட்டெடுக்காத களிமண் உருண்டை, இங்க குளிர்ல உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி ரெண்டு மூணு வருஷத்துல பொடியாகிடும், விலையும் கொள்ளை. என் கலவை பாதி பியூமிஸ், கால் பங்கு லாவா ராக் (ரெண்டுமே ஓட்டை ஓட்டையா இருக்குற எரிமலைக் கல்லு), கால் பங்கு நல்லா சலிச்ச பைன் பட்டை. எல்லாம் 3ல இருந்து 6 மில்லிமீட்டர் அளவு. தூசிய கண்டிப்பா சலிச்சு கொட்டிடணும், தூசி இருந்தா எவ்ளோ காஸ்ட்லி மண்ணும் சேறுதான். தொட்டிக்கு முதல் தடவ போன்சாய் தொட்டி வேணாம், பிளாஸ்டிக் காய்கறி வடிகட்டி கூடையோ மரப்பெட்டியோ போதும், காத்து நல்லா போகும், வேர் சூப்பரா பிரியும்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொட்டி ரெடியா இருக்கணும், ஓட்டைக்கு வலை, மரத்தக் கட்ட கம்பி எல்லாம் கோத்து வச்சுடுங்க. ஸ்ப்ரூஸ் சல்லி வேர் ரொம்ப மெல்லிசு, வெயில்ல காத்துல அஞ்சு நிமிஷம் காஞ்சாலும் போச்சு. பக்கத்துல ஸ்ப்ரே பாட்டில் வச்சுக்கோங்க.

மரத்த உருவி எடுத்ததும் கீழ்ப்பக்க வேர்ப்பந்துல மூணுல ஒரு பங்க ரம்பம் வச்சு தட்டையா அறுத்துடலாம், ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ் வேர் அவ்ளோ நெருக்கமா பின்னி இருக்கும், கைல பிரிக்கிறதெல்லாம் நடக்காது. அப்புறம் மேல் மண்ண குச்சியால மெதுவா ஒதுக்கி தூர்ல இருந்து வேர் பிரியுற எடத்த கண்டுபிடிங்க. நர்சரிக்காரங்க ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் ஆழமா நட்டிருப்பாங்க, அதனால தேடணும். இப்போதான் முக்கியமான விஷயம். நர்சரில போட்டு விட்ட பழைய பீட் மண்ண, அதாவது சதுப்பு நிலத்துல மக்கின பாசிய, மொத்தமா கழுவி வேர அம்மணமா ஆக்கக்கூடாது. பந்த மனசுல ரெண்டா பிரிச்சுக்கோங்க, ஒரு பாதில மட்டும் பழைய மண்ண குச்சியால வெளிய எடுங்க, இன்னொரு பாதிய தொடாதீங்க. அது அடுத்த தடவைக்கு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு. உள்ள வெள்ளையா பூஞ்சை நூல் மாதிரி தெரிஞ்சா பயப்பட வேணாம், அது மைக்கோரைசா, வேருக்கு சோறு ஊட்டுறதே அதுதான், கொஞ்சம் எடுத்து புது மண்ணுல கலந்து விடுங்க.

நட்டதும் கம்பிய இறுக்கமா கட்டணும், தண்டப் புடிச்சு ஆட்டினா தொட்டியும் சேந்து ஆடணும். மரம் மட்டும் ஆடினா புதுசா வர்ற சல்லி வேர் அறுந்துட்டே இருக்கும். மண்ண ரொப்பி சாப்ஸ்டிக் வச்சு குத்திக் குத்தி இடைவெளி இல்லாம பண்ணுங்க, குத்துறேன்னு வேர நசுக்கிடாதீங்க. அடில இருந்து தெளிவா தண்ணி வர்ற வரைக்கும் ஊத்தணும். அப்புறம் காத்து படாத அரை நெழல்ல ஒரு மாசம். உரம் ஒன்றரை மாசத்துக்கு கிடையாது. அந்த வருஷம் பெரிய கவாத்து, கம்பி வளைப்பு எதுவும் கிடையாது. கை அரிக்கும், எனக்கும் அரிக்கும், ஆனா இந்த மரத்த சாகடிக்கிறதுல நம்பர் ஒன் காரணம் ஒரே சீசன்ல தொட்டியும் மாத்தி கிளையும் வெட்டி கம்பியும் சுத்துறதுதான்.

மே, ஜூன்: துளிர் கிள்ளுறது

மே மாசம் மொட்டு மேல இருக்குற பழுப்பு தொப்பி கழண்டு விழுந்து உள்ள இருந்து கிளிப்பச்சை துளிர் வரும், வருஷத்துலயே மரம் ரொம்ப அழகா இருக்குற நேரம். இங்கதான் கேள்வி, கிள்ளணுமா வேணாமா?

மரத்துக்கு இன்னும் தண்டு தடிக்கணும், கிளை வளரணும்னா கிள்ளவே வேணாம், அப்படியே விடுங்க. துளிர் முழுசா விரிஞ்சு அந்த ஊசிதான் அடுத்த வருஷத்துக்கு சாப்பாடு சேக்குது. இந்த வருஷம் தொட்டி மாத்துனதுக்கும் கிள்ள வேணாம். வடிவம் வந்துடுச்சு, கிளை நுனி பிரிஞ்சு அடர்த்தியாகணும்ங்குற மரத்துக்குத்தான் கிள்ளுறது. பழைய வழிகாட்டில எல்லாம் வருஷா வருஷம் எல்லா துளிரையும் கிள்ளச் சொல்லி இருப்பாங்க, அப்படியே செஞ்சா மரம் மூணு நாலு வருஷத்துல மெலிஞ்சு உள்கிளை எல்லாம் போயிடும், இது என் அபிப்ராயம் மட்டும் இல்ல, இப்போ நெறைய போன்சாய் ஆளுங்க இதத்தான் சொல்றாங்க.

கிள்ளுறதுன்னா எப்படி. துளிர் 2 சென்டிமீட்டர் வந்து, ஊசி இன்னும் விரியாம சாஃப்ட்டா இருக்கும்போது ஒரு கையால அடியப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கை விரலால நுனிய லேசா திருகி இழுத்தா டக்குனு வந்துடும். பாதில இருந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் எடுக்கலாம். கத்திரி வேணாம், கத்திரி பட்ட ஊசி எல்லாம் நுனி கருகி அசிங்கமா இருக்கும். உச்சிலயும் வெளி நுனிலயும் நெறைய எடுங்க, கீழ் கிளைலயும் உள்பக்கமும் இருக்குற சோம்பேறி துளிர தொடாதீங்க, அதுங்க வளந்தாதான் மரம் சமமாகும். எல்லா மொட்டும் ஒரே நாள்ல விரியாது, ஒரு ரெண்டு மூணு வாரம் சாயங்காலம் சாயங்காலம் டீய வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா பண்ற வேலை. கைல பிசின் ஒட்டிக்கும், சோப்பு போட்டா போகவே போகாது, ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் தேச்சு அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஸ்பைடர் மைட், இத தனியா சொல்லியே ஆகணும்

ஸ்பைடர் மைட்னா நம்ம செஞ்சிலந்தி வகை, இலைல சாறு உறிஞ்சுற ரொம்பக் குட்டிப் பூச்சி. ஊர்ல செஞ்சிலந்தி வெயில் காலத்துல வரும்னு தெரியும். ஸ்ப்ரூஸ்ல வர்ற மைட் அப்படியே தலைகீழ், இதுக்கு குளுகுளுன்னு இருந்தாதான் புடிக்கும். ஏப்ரல் கடைசில முட்டை பொரிஞ்சு ஜூன் வரைக்கும் ஆடும், ஜூலை வெயில்ல அடங்கிடும், திரும்ப செப்டம்பர் அக்டோபர்ல வரும். ஆனா ஊசி மஞ்சளாகி வெண்கல கலர்ல மாறுறது ஜூலை ஆகஸ்ட்ல. அப்போ பயந்து போய் மருந்து அடிப்பாங்க, அடிக்கும்போது அங்க மைட்டே இருக்காது. சொன்னேன்ல, லேட்டா பதில் சொல்ற மரம்.

அதனால மே மாசம் வாரம் ஒரு தடவ, கிளைக்கு கீழ வெள்ளப் பேப்பர் வச்சு கிளைய நாலு தட்டு தட்டுங்க. பேப்பர்ல மொளகுத்தூள் அளவுல புள்ளி மெதுவா நகர்ந்தா மைட். வேகமா ஓடுற புள்ளி பெரும்பாலும் மைட்ட தின்ற நல்ல பூச்சி, அத விடுங்க. மெதுவா நகர்றது நெறைய இருந்தா ஹோஸ்ல பைப் தண்ணிய வேகமா, கீழ இருந்து மேல, உள்பக்கம் படுற மாதிரி அடிங்க, தொட்டி மண்ண பிளாஸ்டிக் போட்டு மூடிட்டு. மூணு நாலு நாளுக்கு ஒரு தடவ, ரெண்டு மூணு வாரம், ஏன்னா முட்டை தண்ணிக்கு போகாது, பொரிய பொரிய அடிக்கணும். அதுக்கும் அடங்கலன்னா பூச்சிக்கொல்லி சோப்பு, சாயங்கால நேரத்துல. ஒன்டாரியோல 2009ல இருந்து வீட்டுத் தோட்டத்துக்கு நெறைய ரசாயன மருந்து தடை, சோப்பு, தோட்ட எண்ணெய் மாதிரி அனுமதிச்சது மட்டும்தான் கடையில இருக்கும், நல்லதுதான். எண்ணெய் அடிச்சா ப்ளூ ஸ்ப்ரூஸோட நீலம் போயிடும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வேற நாட்டுல இருக்குறவங்க இமிடாக்ளோபிரிட்ங்குற பூச்சி மருந்த ஊத்தாதீங்க, அது மைட்ட கொல்லாது, சில நேரம் பெருகத்தான் வைக்கும்.

கோடை

ஜூலை ஆகஸ்ட்ல ஸ்ப்ரூஸுக்கு வேலை எதுவும் இல்ல, உங்களுக்குத்தான் தண்ணி வேலை. காலைல ஒரு தடவ அடில வழியுற அளவு, 30 டிகிரி தாண்டுற நாள்ல சாயங்காலம் மண்ணத் தொட்டுப் பாத்து இன்னொரு தடவ. நர்சரி பீட் மண்ணுல இருக்குற மரம்னா ஒரு தடவ முழுசா காஞ்சுட்டா தண்ணி உள்ள இறங்காம ஓரமா வழிஞ்சு போயிடும், பாக்க ஊத்தின மாதிரி இருக்கும், உள்ள பாலைவனம். அப்போ தொட்டிய ஒரு பக்கெட் தண்ணில அரை மணி நேரம் முக்கி எடுங்க. டொரண்டோ பைப் தண்ணி கொஞ்சம் கடின தண்ணி, ஸ்ப்ரூஸுக்கு லேசா அமிலத்தன்மை இருந்தா புடிக்கும், மழைத்தண்ணி புடிச்சு வச்சா நல்லது, இல்லன்னாலும் ஒண்ணும் ஆகாது.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேணும், ஆனா மத்தியான சூட்டுல கருப்பு பிளாஸ்டிக் தொட்டி கொதிக்கும், அதுக்கு ஒரு வெள்ளத் துணி சுத்தி விட்டா போதும். உரம் துளிர் கெட்டியானதுக்கு அப்புறம், ஜூன் கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும், ஆர்கானிக் உருண்டை மாசம் ஒரு தடவ.

செப்டம்பர், அக்டோபர்: கவாத்தும் கம்பியும்

எனக்கு ரொம்பப் புடிச்ச சீசன். ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் பிசின் ஓட்டம் கம்மியாகும், அடுத்த வருஷ மொட்டு கண்ணுக்கு நல்லா தெரியும், எங்க வெட்டினா எது வளரும்னு சந்தேகமே இல்ல. இந்த நேரத்துல உள்ள ஊசி கொஞ்சம் மஞ்சளாகி கொட்டும், அது பழைய ஊசி, எல்லா வருஷமும் நடக்குறதுதான்.

கவாத்துக்கு ஒரே ஒரு விதி. வெட்டின எடத்துக்குப் பின்னாடி பச்சை ஊசியும் மொட்டும் மிச்சம் இருக்கணும். ஊசி இல்லாத மொட்டைக் கட்டைல ஸ்ப்ரூஸ் திரும்ப துளிர்க்கிறது ரொம்ப அபூர்வம், ஃபைக்கஸ் பழக்கத்துல வெட்டினா அந்தக் கிளைய மறந்துட வேண்டியதுதான். ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ் அடர்த்தியால உள்ள வெளிச்சமே போகாது, விரிச்சுப் பாத்தா உள்ள எல்லாம் பழுப்பா செத்த ஊசி. அத ட்வீசரால சுத்தம் பண்ணுங்க. அப்புறம் கிளைக்கு அடில நேரா கீழ பாக்குற குச்சி, மேல செங்குத்தா போற குச்சி, கிளை கவட்டைல முளைச்சது, ஒரே எடத்துல மூணு நாலு சேந்து வந்தா ரெண்ட விட்டு மிச்சம், இதெல்லாம் எடுங்க. மொத்த பச்சைல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு வருஷத்துல எடுக்க வேணாம்.

அடுத்த வருஷம் இதே நேரம் கம்பி. ஸ்ப்ரூஸ் கிளை ரப்பர் மாதிரி, வளையும், ஆனா கம்பிய எடுத்ததும் பழைய எடத்துக்கே போயிடும். ஒரு வருஷம் கம்பி இருந்தும் நிக்காது, திரும்ப சுத்தணும், சில கிளைக்கு மூணாவது தடவ கூட. கம்பி கிளையோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வுல, ஊசிய கம்பிக்கு அடில சிக்க விடாம. அலுமினியம் கைக்கு ஈஸி, பெரிய கிளைக்கு செம்புதான் புடிச்சு நிறுத்தும். ஆல்பர்ட்டாவுல எல்லாக் கிளையும் மேல் நோக்கி இருக்கும், அத படுக்கைக்கும் கீழ இறக்கணும், ஏன்னா பனி மலையில வயசான ஸ்ப்ரூஸ் எல்லாம் வருஷக்கணக்கா ஸ்னோ பாரத்துல கிளை தொங்கித்தான் நிக்கும், அந்த ஒரு விஷயம் வந்தாலே குட்டி மரத்துக்கு நூறு வயசு ஏறிடும். இறக்கும்போது கவட்டைல கட்டை விரல அழுத்திப் புடிச்சுக்கோங்க, அங்கதான் கிழியும். தடியான கிளைய கம்பி சுத்தாம தொட்டி வெளிம்புல கட்டி இழுத்து விடுறது இன்னும் சேஃப். உறைஞ்ச நாள்ல வளைக்கவே கூடாது. ஜூன்ல கிளை தடிக்கும்போது கம்பி பட்டைய கடிக்குதான்னு பாக்க மறந்துடாதீங்க.

எந்த வருஷம் எது

முதல் வருஷம் வாங்கி, வெளிய வச்சு, தண்ணியும் குளிர்காலமும் பழகுறது, செப்டம்பர்ல உள் சுத்தம் மட்டும். ரெண்டாவது வருஷம் ஏப்ரல்ல கூடைக்கு மாத்துறது, வேற எதுவும் இல்ல. மூணாவது வருஷம் சும்மா வளர விட்டு செப்டம்பர்ல கவாத்து. நாலாவது வருஷம் இலையுதிர் காலத்துல முதல் கம்பி. அஞ்சாவது ஏப்ரல்ல வேர்ப்பந்தோட மிச்ச பாதி பழைய மண்ண எடுத்துட்டு நல்ல தொட்டி. அந்தத் தொட்டி வாங்கும்போது மண்பானை மாதிரி சிவப்பு தொட்டி வேணாம், தண்ணி உறிஞ்சி உறைஞ்சு ஜனவரில ரெண்டா பிளந்துடும், நல்லா சூட்டுல சுட்ட ஸ்டோன்வேரா பாருங்க. உள்வாய் குறுகி இருக்குற தொட்டியும் வேணாம், உறையுற மண்ணு மேல உப்ப எடம் இல்லாம தொட்டியத்தான் உடைக்கும். சுவர் நேராவோ வெளிய விரிஞ்சோ இருக்குறதா எடுங்க, ஸ்ப்ரூஸுக்கு க்ளேஸ் (பளபள கண்ணாடிப் பூச்சு) இல்லாத பழுப்பு, சாம்பல் கலர் நல்லா எடுபடும்.